கட்டாயமும் கடமையும்

வட்டவடை அமைந்துள்ள மலைநாடு ஒருகாலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1879-இல் அச்சமஸ்தானம் அரசு ஊழியர், கைதிகள், மாணவர்கள் ஆகியோர் அம்மை குத்திக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. கொரோனா காலத்திலோ, தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணை நீங்கினால் கடமையும் நீங்கிவிடுமா?

‘இந்நோய் இளைஞரை அதிகம் வருத்துவதில்லையே, எனக்கு எதற்கு ஊசி?’ என்று பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கேட்பதில் தவறில்லை. அந்த ஐயத்தை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே கல்விக்கு அழகு. வதந்தியோடு நின்றுவிடுவது சோம்பல்.

ஊசி தொற்றை முற்றிலும் தடுப்பதில்லை, ஓரளவே குறைக்கிறது. ஆயினும் விடுமுறைக்கு அவர் திரும்பும் மலையூரில், மருத்துவமனைக்கு வெகுதொலைவில் வாழும் பாட்டிக்கு அந்தச் சிறு குறைவும் பெரிது. எவரும் வற்புறுத்தாதபோதும் பிறர் நலம் கருதிச் செய்வதே தர்மம்.