முன் வைத்த கால்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. ஆனால் ஓடம் மனிதனுடைய தோளில் ஏறுவதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவில் என் அக்காள் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த வேடிக்கையைக் கண்ணால் பார்த்தேன்.

கூடத்தின் நடுவில் ஒன்பதடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் படகு கிடந்தது. கயாக் என்று பெயர். ஒருவர் மட்டும் இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்கார்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் தள்ளிச் செல்லும் படகு. அதற்குத் தோள்பட்டை வார்களைக் கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து கொண்டிருந்தான் என் மருமகன். திரும்பும்போதெல்லாம் படகின் வால் எதையாவது இடித்துத் தள்ளியது. அக்கா ஒரு பூச்சாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தாள்.

"படகு மனிதனைச் சுமக்க வேண்டியது போக, மனிதன் படகைச் சுமக்கிறானே, இது என்னடா நியாயம்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துக்கொண்டே விவரம் சொன்னான். சியரா நெவாடா மலைத் தொடரில் கிங்ஸ் என்று ஓர் ஆறு இருக்கிறது. அதன் நடுக்கிளை, 1940ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் பாய்கிறது. அதன் தலைப்பகுதிக்குச் சாலை கிடையாது. மலையின் கிழக்குப் பக்கத்தில் ஸவுத் ஏரி வரையில் மோட்டாரில் போகலாம். அங்கிருந்து படகையும் பத்து நாள் உணவையும் தோளில் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய 12,000 அடி உயரமுள்ள பிஷப் கணவாயைத் தாண்டி, மறுபுறம் லெ காண்ட் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். மொத்தம் சுமார் 12 மைல். பிறகுதான் படகு தண்ணீரைக் காணும். அங்கிருந்து மலையின் மேற்கு அடிவாரத்துக்குள் ஆறு ஏறக்குறைய 7,000 அடி கீழே இறங்குகிறது. இறங்குகிறது என்பது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை. விழுகிறது, புரள்கிறது, பாறைகளில் மோதிக்கொண்டு ஓடுகிறது என்பதுதான் உண்மை. 1982இல் ராயல் ராபின்ஸ், டக் டாம்ப்கின்ஸ், ரெக் லேக் முதலியவர்கள் முதன்முதலாக இப்படிப் போனார்களாம். ராபின்ஸ் செங்குத்துப் பாறைகளில் ஏறிப் புகழ் பெற்றவர்.

காரியம் துணிச்சலானதுதான். ஆனால் எனக்கு வியப்பளித்தது துணிச்சல் அல்ல, அதற்கு முன்னால் நடந்த கணக்கு. காலிப் படகே ஏறக்குறைய 50 ராத்தல். அதற்குள் உணவும் உடுப்பும் படுக்கையும் சேர்ந்தால் 80 ராத்தலைத் தொட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்தார்கள். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூட வெட்டிக் குறைத்தான் ஒருவன். கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில்தான் உணவைக் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த டப்பா ஒரு தனிச் சுமை. அக்கா ஆசையோடு இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியில் பாதி திரும்பிவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் யாரும் குறைக்கவில்லை. தண்ணீரில் விழுந்தவனுக்கு வீசும் மீட்புக் கயிறு, நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. தன் கயிற்றால் தன்னை இழுத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஆகவே ஒவ்வொருவனும் தோளில் ஏற்றிக்கொள்வது மற்றவனுடைய உயிருக்கான கயிற்றை. இந்த ஒரு சுமையைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒழுங்குகளும் எழுதிக்கொண்டார்கள். மோசமான இடம் வரும்போதெல்லாம் இறங்கிக் கரை வழியே நடந்து பார்க்க வேண்டும். "நான் இந்த இடத்தில் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், மற்றவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது, கேலியும் செய்யக் கூடாது. இதுவரையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கடைசி விதியில்தான் தகராறு வந்தது.

அந்த ஆற்றுக்குத் தண்ணீர் பனி உருகி வருவது. குறைவாக இருந்தால் படகு பாறையில் தேயும். அதிகமாக இருந்தால் ஆளை விழுங்கும். நடுவிலே சில நாட்கள்தான் தக்க பருவம். வீட்டிலிருந்தபடி எவ்வளவு கணக்கிட்டாலும், கரையில் நின்று பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். ஆகவே என் மருமகன் சொன்னான்: "முன்னால் போனவர்களின் படங்களில் வெளியே தெரிகிற இந்த மூன்று பாறைகளும் மூழ்கியிருந்தால், அங்கிருந்தே திரும்பி வந்துவிட வேண்டும்."

"12 மைல் தூக்கிக்கொண்டு போன பிறகா? மறுபடியும் அந்தக் கணவாயில் ஏறியா?" என்று அந்நாட்டு நண்பன் ஒருவன் துள்ளி எழுந்தான்.

அவர்களுக்குள் பேச்சு முற்றியது. முடிவில் என் மருமகன் என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்கள் கதை எழுதுகிறவர், மனிதர்களை அறிந்தவர். நீங்கள் சொல்லுங்கள்" என்றான்.

எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. "முன் வைத்த காலைப் பின் வைக்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அவ்வளவு பாடுபட்டுவிட்டுத் திரும்புவதாவது?" என்றேன்.

நண்பர்கள் போன பிறகு அவன் என் அருகில் வந்து உட்கார்ந்தான். குரலில் கோபம் இல்லை. "மாமா, அக்கா கல்யாணத்தின்போதும் நீங்கள் இதையேதான் சொன்னீர்கள்" என்றான்.

வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. அந்தக் கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு, மாப்பிள்ளை தமக்கு இருப்பதாகச் சொன்ன வேலையில் அவர் ஓர் ஆண்டாகவே இல்லை என்று தெரிந்தது. விசாரித்ததற்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. என் மருமகள் மாடியில் தனியாக என்னிடம் வந்து, "மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள். தகப்பனில்லாத பெண், தாய்மாமன் நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருக்கும். ஆனால் பத்திரிகை 500 கொடுத்தாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் போய்விட்டது. ஊரிலிருந்து உறவினர்கள் ரயில் ஏறிவிட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். முன் வைத்த காலைப் பின் வைக்கக் கூடாது அம்மா" என்று சொல்லி அவளைக் கீழே அழைத்து வந்தவன் நான்தான். மூன்றாம் வருஷம் அவள் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தொழிலையே நினைத்துப் பார்த்தேன். ஒரு நாவலில் 80 பக்கம் எழுதிய பிறகு பாதை தவறு என்று தெரிந்தால், அந்தத் தாள்களைக் கிழித்துப் போட நான் தயங்குவதில்லை. பொய்யான மனிதர்களின் கதைக்குக் காட்டிய நேர்மையை, உயிருள்ள ஒரு பெண்ணின் கதைக்கு நான் ஏன் காட்டவில்லை? 80 பக்கத்தைக் கிழிப்பது யாருக்கும் தெரியாது. 500 பத்திரிகையைக் கிழித்தால் ஊருக்குத் தெரியும். விடாமுயற்சி என்று நான் பெயர் வைத்திருந்தது வெறும் வெட்கம் என்பதை அன்றுதான் கண்டேன்.

பட்ட பாடு ஒரு விசித்திரமான கடன்காரன். நாம் அதற்கு ஏதோ கொடுக்க வேண்டியிருப்பது போல வந்து வாசலில் நிற்கிறது. உண்மையில் அதற்கு நாம் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை, கொடுத்தாகிவிட்டது. முன்னே போனாலும் பின்னே வந்தாலும், தூக்கிய 12 மைல் தூக்கியதுதான். நீ எவ்வளவு தூரம் சுமந்து வந்தாய் என்று ஆறு கேட்பதில்லை. மூழ்கிய பாறை மூழ்கியதாகவே இருக்கிறது.

அப்படியானால் பழமொழி பொய்யா என்று கேட்கலாம். பொய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வழியில் கால் வலித்தது, தோள் உரிந்தது என்று திரும்புகிறவன் எந்த ஊருக்கும் போய்ச் சேரமாட்டான். அவனுக்காகச் சொன்னது அந்தப் பழமொழி. துன்பம் வேறு, அபாயம் வேறு. துன்பத்தைக் கண்டு திரும்பாதே என்று பெரியவர்கள் சொன்னதை, அபாயத்தைக் கண்டாலும் திரும்பாதே என்று நாம் நீட்டிக்கொண்டோம்.

திரும்புவதே எப்போதும் பத்திரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1869ஆம் ஆண்டு மே மாதம் ஜான் வெஸ்லி பவல் என்பவர், ஒன்பது பேரையும் நான்கு படகுகளையும் கூட்டிக்கொண்டு கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைக் காணப் புறப்பட்டார். உள்நாட்டுப் போரில் வலக் கையை இழந்த மனிதர் அவர். கொடிய இடங்களில் படகுகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள், தோளிலும் தூக்கினார்கள். ஆகஸ்டு 28ஆம் தேதி ஒரு பயங்கரமான நீர்ச்சரிவின் முன்னால், ஹௌலண்ட் சகோதரர் இருவரும் டன் என்பவரும், இனி வரமாட்டோம் என்று பிரிந்து மலை ஏறிப் போனார்கள். எஞ்சிய ஆறு பேர் ஆற்றில் இறங்கினார்கள். இரண்டே நாளில் அவர்கள் பள்ளத்தாக்கை விட்டுப் பிழைத்து வெளியே வந்தார்கள். மேலே ஏறிப் போன மூவரோ கொல்லப்பட்டார்கள். கொன்றவர் யார் என்பதில் இன்றும் வழக்கு உண்டு. ஆற்றைத் தவிர்த்தவர்கள் மாண்டார்கள், ஆற்றில் இறங்கியவர்கள் வாழ்ந்தார்கள். இதை வைத்து அந்த மூவரைக் கோழைகள் என்று சொல்ல முடியுமா? தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு அவர்கள் முடிவு செய்தார்கள். முடிவு சரியா என்பது வேறு, முடிவில் என்ன நடந்தது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பது ஊர் வழக்கம். நியாயத்தின் வழக்கம் அல்ல.

பிறகு எதைத்தான் பிடித்துக்கொள்வது? என் மருமகனின் அந்தக் கடைசி விதியில் ஒரு விவேகம் இருந்தது. திரும்ப வேண்டிய எல்லையை, தோள் வலிக்குமுன், ஆசை ஏறுமுன், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே குறித்து வைத்துவிட வேண்டும் என்றான் அவன். கரையில் நிற்கும் களைத்த மனிதன் நல்ல நீதிபதி அல்ல. அவனுக்கு 12 மைல் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியை நம்பாமலிருக்க அவனுக்கு ஒரு பழைய வாக்கு வேண்டும். அந்த வாக்கை அவன் தனக்கு மட்டும் கொடுத்துக் கொள்ளவில்லை. கயிறு சுமந்த மற்ற மூன்று பேருக்கும், பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறான்.

மறுநாள் காலை அந்த நண்பனிடம் போன் செய்து, நான் முதல் நாள் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவன் சிறிது தயங்கிவிட்டு விதியை ஏற்றுக்கொண்டான்.

ஜூலை முதல் வாரத்தில் புறப்பட்டார்கள். ஐந்தாம் நாளே வாசலில் காரின் சத்தம் கேட்டது. நான்கு பேரும் இறங்கினார்கள். தோள்களில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. படகுகளில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று பாறைகளில் ஒன்றுதான் தெரிந்ததாம். ஓர் இரவு ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் கணவாயை நோக்கித் திரும்பினார்களாம். அந்த நண்பன் வழியெல்லாம் பேசவே இல்லையாம்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு செய்தி வந்தது. அதே நாளில் அதே கரைக்கு வந்த இன்னொரு கூட்டம் ஆற்றில் இறங்கிப் பத்திரமாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. நான் மெல்ல என் மருமகனின் முகத்தைப் பார்த்தேன்.

"அவர்கள் போனது நல்லதாயிற்று, மாமா. அதனால் நாங்கள் திரும்பியது தப்பாகிவிடுமா?" என்றான். குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது. வருத்தமே இல்லாதவன் போல அவன் நடித்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் திருச்சிக்குப் போனேன். என் மருமகள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். படகுக் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு, இத்தனை ஆண்டுகளாகச் சொல்ல வேண்டியிருந்ததையும் சொன்னேன். அன்று மாடியில் நான் சொன்னது தவறு, அதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவள் கையிலிருந்த பரீட்சைத் தாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"நீங்கள் திரும்பலாம் என்று சொல்லியிருந்தால்கூட, நான் அன்றைக்குத் திரும்பியிருப்பேனோ என்னவோ, மாமா. ஆனால் திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருப்பேன்" என்றாள்.

பிறகு எழுந்து, எனக்குக் காப்பி போட உள்ளே போனாள்.