தெருக்குழாயும் தருமமும்

ஊருக்கு ஒரு கிணறு வெட்டுவதையும், வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நாட்டுவதையும், சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து நீர்மோர் வார்ப்பதையும் நம் முன்னோர் வெறும் சௌகரியங்களாகக் கருதவில்லை. வடமொழி நூல்கள் வேள்வியை இஷ்டம் என்றும், குளம், கிணறு, சோலை முதலியன அமைப்பதைப் பூர்த்தம் என்றும் வகுத்து இரண்டையும் ஒருசேரப் போற்றின. தமிழ் மரபோ இவற்றை 32 அறங்களில் அடக்கி, மாடு தன் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் ஆவுரிஞ்சு கல்லுக்கும் அவ்வரிசையில் இடமளித்து, திருவையாற்று அம்மைக்கு அறம் வளர்த்த நாயகி என்று திருநாமமே சூட்டியது.

இன்று அந்தக் காரியங்களை அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவிட்டு, வீட்டுக்கு வீடு குழாய் வைக்க முனைந்தது. காவிரிக் கரையில் உள்ள எங்கள் ஊரிலும் மேல்நிலைத் தொட்டி எழுந்துவிட்டது. உரிமையாகக் கிடைக்கும் தண்ணீரில் புண்ணியம் யாருக்கு, தருமத்துக்கு இனி ஊரில் என்ன வேலை என்று முதியவர் ஒருவர் உள்ளம் நொந்து கேட்டபோது, எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை.

பிறகு அப்பூதியடிகளை நினைத்தேன். திங்களூரில் வாழ்ந்த அவர், தாம் கண்ணால் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரையே தம் மக்களுக்கும், பசுக்களுக்கும், வீட்டு அளவைகளுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் இட்டு வழங்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவ்வழியே வந்த நாவுக்கரசர் பந்தலைக் கண்டு வியந்து, அவர் இல்லம் தேடிச் சென்று, தம் பெயரை விடுத்துப் பிறர் பெயரை இட்டதேன் என்று வினவினார். கொடுத்தவர் தம் பெயரை மறைத்துக்கொண்ட அந்த இடத்தில்தான் அறம் முழுமை பெற்றது என்பது என் துணிபு.

எங்கள் ஊர்க் கிணற்றில் அம்முழுமை இருந்ததா? வெட்டியவர் பெயர் கைப்பிடிச் சுவரில் பொறிக்கப்பட்டிருந்தது. சேரிப் பெண்களோ காலிக் குடங்களைத் தரையில் வைத்துவிட்டு, யாரேனும் மனமிரங்கி ஒரு வாளி இறைத்து ஊற்றமாட்டார்களா என்று உச்சி வெயிலில் எட்டி நின்றதைச் சிறுவனாக இருந்தபோது நானே கண்டிருக்கிறேன். தாகத்தோடு வந்தவரின் குலத்தை விசாரித்த பின் வார்க்கும் நீரில் புண்ணியம் எங்கிருந்து வரும்? 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகியது இந்தக் கேள்வியை நாட்டின் மனச்சாட்சிக்கு முன் வைத்தது. பொதுமக்களுக்கென உள்ள கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவற்றில் சாதியைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என விதிக்கும் அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவை, நம் தருமசாத்திரங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லிய தருமசாத்திரமாகவே நான் மதிக்கிறேன். குழாய் யாரையும் விசாரிப்பதில்லை.

எனினும் முதியவரின் துயரத்தை நான் தள்ளிவிடவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் ஒன்றைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த ஊரைக் காட்டுகிறது. வெட்டும் புண்ணியம் ஒருவருடையதாக இருக்கலாம். வண்டலோ ஆண்டுதோறும் வந்து படிகிறது, அதை அள்ளுவதற்கு ஊரே மண்வெட்டியோடு இறங்கியாக வேண்டியிருந்தது. குடிமராமத்து என்ற அந்த வழக்கம் தேய்ந்தபோது, நீர் நம்முடையது என்ற எண்ணமும் கூடவே தேய்ந்தது. உரிமை வந்த கையோடு பேணும் கடமை அரசாங்கத்தின் தலையில் ஏறிவிட்டது.

சென்ற வாரம் பொழுது சாயும் வேளையில் கீழத்தெருக் குழாயின் திருகு தேய்ந்து நீர் வீணே வழிந்துகொண்டிருந்தது. அந்நாளில் கிணற்றடியில் எட்டி நின்ற பெண்களில் ஒருவரான மூதாட்டி, பழம்புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அதன் வாயில் சுற்றிக்கொண்டிருந்தார். விரல்களில் வலுவில்லை, முடிச்சு இறுகவில்லை. “மறு நுனியைக் கொஞ்சம் பிடியுங்கள், ஐயா” என்றார். பிடித்துக்கொண்டேன்.