தேவனுக்காகப் பொய்ச்சாட்சியா?

தியானத்துக்கு: யோபு 13:7; ரோமர் 10:6-8



1984-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி, நம் இந்திய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மா, மாலிஷெவ், ஸ்ட்ரெகாலோவ் என்ற இரண்டு ரஷ்ய வீரர்களோடு சோயூஸ் டி-11 விண்கலத்தில் ஏறி மேலே போனார். சல்யூத்-7 என்ற நிலையத்தில் தங்கினார். பூமியைப் போட்டோ எடுத்தார். உடம்புக்கு எடையே தெரியாத அந்த இடத்தில் யோகாசனமும் செய்து பார்த்தார். ஏழு நாள் 21 மணி 40 நிமிஷம் ஆகாயத்தில் இருந்துவிட்டு ஏப்ரல் 11-ந் தேதி தரையிறங்கினார். அங்கிருந்து பார்த்தால் இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் கேட்டதற்கு, கவிஞர் இக்பாலின் பாட்டிலிருந்து ஒரு வரியைப் பதிலாகச் சொன்னார். (அது எந்தப் பாட்டு என்று நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசுகிற பாய்மாரைக் கேளுங்கள், முழுசாகப் பாடியே காட்டுவார்கள்.) அதற்கப்புறம் 2025 ஜூன் 25-ல் சுபான்ஷு சுக்லா புறப்படும் வரைக்கும் 41 வருஷம், வேறே எந்த இந்தியக் குடிமகனும் விண்வெளியில் பூமியைச் சுற்றி வரவில்லை.

இந்த ராகேஷ் சர்மா பிற்பாடு நம் தமிழ்நாட்டிலேயே, நீலகிரியில் குன்னூரில் வந்து குடியேறினார். அவர் பேட்டியில் சொல்லியிருக்கிற ஒரு காரியம்தான் என்னை இந்தச் செய்தியை எழுத வைத்தது. திரும்பி வந்த பிறகு போகிற இடமெல்லாம் ஜனங்கள் அவரிடம் கேட்ட கேள்வி, "அங்கே கடவுளைப் பார்த்தீங்களா?" என்பதுதானாம். "இல்லை, பார்க்கவில்லை" என்று அவர் பதில் சொன்னாராம். இன்னும் வருஷங்கள் போன பிறகு, தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளிடம் அவரைக் காட்டி, "இந்த அங்கிள் நிலாவுக்குப் போயிட்டு வந்தவரு" என்று அறிமுகப்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்! நிலா இருப்பதோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். அவர் போனது பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர். ஆள் உயிரோடு இருக்கும்போதே கதை அவரைத் தாண்டிப் போய்விட்டது பாருங்கள்.

அந்தக் கேள்வியை ஜனங்கள் கேலிக்காகக் கேட்கவில்லை, ஏக்கத்தோடு கேட்டார்கள். உயரத்துக்கு ஏறினால் அவரைக் கண்டுவிடலாம் என்பது மனுஷனுடைய பழைய நினைப்பு. பாபேலில் செங்கல் சுட்டவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பவுல் அப்போஸ்தலன், கிறிஸ்துவை இறக்கிக் கொண்டுவர யார் மேலே ஏறிப் போவது என்று உள்ளத்தில் கேட்டுக்கொண்டிராதே என்கிறார். ஏணி வைக்க வேண்டாம், ராக்கெட்டும் வேண்டாம். விசுவாசத்தின் வார்த்தை உன் நாக்கிலேயே, உன் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. எந்த வானத்திலும் அடங்காதவர் என்று சாலொமோன் ராஜா ஜெபித்த தேவனை (1 இராஜாக்கள் 8:27) கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட முடியுமா?

ராகேஷ் சர்மா நம் விசுவாசத்தைச் சேர்ந்தவரல்ல. ஆனாலும் அவர் சொன்ன அந்த "இல்லை"யை நான் மதிக்கிறேன். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு நாடே அவர் காலில் விழுந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

ஏன் இதைப் பெரிதாக எழுதுகிறேன்? நம் சபைக்கு வருகிற ஒரு வாலிப சகோதரி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மெஷின் சகோதரி அவளிடம், ஆம்ஸ்ட்ராங் நிலாவில் பாங்கு சத்தம் கேட்டார், அதனால் இஸ்லாத்தைத் தழுவினார் என்று சொல்லியிருக்கிறாள். இவள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓடி வந்து, "பாஸ்டர், அது நிஜமா? நான் பதிலுக்கு நாசா கம்ப்யூட்டர்ல யோசுவாவோட நாள் கிடைச்ச கதையைச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் மகளே என்றேன்.

ஆம்ஸ்ட்ராங் அப்படி மாறவில்லை. அவரே அதை மறுத்திருக்கிறார். அந்த வதந்தி பல தேசங்களுக்குப் பரவிப் போனபடியால், 1983-ல் அமெரிக்க வெளியுறவுத் துறையே தன் தூதரகங்களுக்கு அது உண்மையல்ல என்று எழுதி அனுப்பவேண்டி வந்தது. காற்றே இல்லாத நிலாவில் எந்தச் சத்தமும் காதுக்கு வராது. ஆனால் அடுத்த வீட்டுக் கண்ணில் துரும்பைக் காட்டுவதற்கு முன்னால் நம் வீட்டு உத்திரத்தைப் பார்ப்போம்.

யோசுவா 10-ம் அதிகாரத்தில் சூரியன் தரித்து நின்ற நாளை நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்கள், 23 மணி 20 நிமிஷம் குறைந்தது, எசேக்கியா ராஜாவின் நிழல் பின்னிட்டுப்போன 40 நிமிஷத்தைக் கூட்டினதும் கணக்கு சரியாகிவிட்டது என்று துண்டுப்பிரதியில் வாசித்திருப்பீர்கள், இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று நாசாவே சொல்லிவிட்டது. அதைவிட வேடிக்கை கேளுங்கள். காணாமற்போன நாளைப் பற்றிய இந்தக் கணக்கை டோட்டன் என்பவர் 1890-லேயே எழுதினார், ஹாரி ரிம்மர் என்பவர் 1936-ல் எழுதினார். நாசா பிறந்ததோ 1958-ல்! பிள்ளை பிறக்கும் முன்னே கதை பிறந்துவிட்டது. யோசித்தாலும் தெரியும். நின்றுபோய் மறுபடி ஓடுகிற கடிகாரம் எவ்வளவு நேரம் நின்றது என்று அறிய, ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கடிகாரம் பக்கத்தில் வேண்டும். கம்ப்யூட்டருக்கு அந்த இன்னொரு கடிகாரம் எங்கே இருக்கிறது? யோசுவா 10-ஐ நான் எழுதியிருக்கிறபடியே விசுவாசிக்கிறேன். அதற்கு நாசாவிடம் சர்டிபிகேட் வாங்கவேண்டிய அவசியமில்லை.

ககாரின் கதை இதைவிட மோசம். 1961 ஏப்ரல் 12-ல் முதல் மனுஷனாக விண்வெளிக்குப் போய் 108 நிமிஷத்தில் பூமியைச் சுற்றி வந்தவர் யூரி ககாரின். "மேலே போய்ப் பார்த்தேன், கடவுள் இல்லை" என்று அவர் சொன்னதாக எத்தனை பிரசங்கபீடங்களில் கேட்டிருக்கிறோம்! பறக்கும்போது பதிவான அவருடைய பேச்சில் அந்த வார்த்தை கிடையாது. மதத்துக்கு விரோதமாகப் பேசின குருஷேவ்தான் அப்படிச் சொன்னார், அதை ககாரின் தலையில் கட்டிவிட்டார்கள், ககாரினோ ஞானஸ்நானம் பெற்ற விசுவாசி என்று அவருடைய நண்பர் பெத்ரோவ் பின்னாளில் சொன்னார். கடவுளையோ தூதர்களையோ காணவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒரு ரஷ்ய வீரர் உண்டு. அவர் இரண்டாவதாகப் போன டிட்டோவ். சொன்னது 1962-ல், அமெரிக்காவில் சியாட்டில் பட்டணத்தில். ககாரின் 1968-ல், 34 வயதில், விமான விபத்தில் இறந்துபோனார். தேவனைப் பரிகசித்ததால் அடிக்கப்பட்டார் என்று அந்த மரணத்தையும் சேர்த்துப் பிரசங்கிக்கிற சகோதரர்கள் இருக்கிறார்கள். சொல்லாத வார்த்தைக்காகச் செத்த மனுஷனுக்குத் தண்டனையும் எழுதிவிடுகிறோமே! ஒன்பதாம் கற்பனை அவருக்குப் பொருந்தாதா?

"பாஸ்டர், ஆத்துமாக்கள் இரட்சிக்கப்படத்தானே சொல்றாங்க" என்பீர்கள். யோபின் மூன்று சிநேகிதரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் பேசினது முழுவதும் தேவனுக்கு வக்காலத்து! அதற்கு யோபு, அவருக்காக நீங்கள் கோணலும் கபடுமாய்ப் பேசவேண்டுமா என்று கேட்டான். முடிவில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது? தேவனோடு வழக்காடின யோபின்மேல் அல்ல, தேவனுக்காகப் பேசினவர்கள்மேல் (யோபு 42:7). தனக்கு வக்கீலாக நின்றவர்களை, யோபுவிடம் போய் ஜெபம் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்! வேதத்தில் நான் பயத்தோடு வாசிக்கிற இடங்களில் அது ஒன்று.

நமக்குப் பொய்க் கதை தேவையுமில்லை. மெய்யான சாட்சிகள் இருக்கின்றன. 1968 டிசம்பர் 24-ந் தேதி அப்பல்லோ-8-ல் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த போர்மன், லோவல், ஆண்டர்ஸ் என்ற மூவரும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் பத்து வசனங்களை உலகமே கேட்க வாசித்தார்கள். 1969 ஜூலை 20-ல் நிலாவில் இறங்கினவுடனே, வெளியே காலை வைக்கும் முன்னே, பஸ் ஆல்ட்ரின் தன் சபையிலிருந்து கொண்டுபோன அப்பத்தையும் திராட்சரசத்தையும் எடுத்துக் கர்த்தருடைய பந்தியில் பங்குபெற்றார். அல்லேலூயா! அந்தச் சகோதரிக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கூடவே மீதியையும் சொன்னேன். அதே ஆல்ட்ரின் பூமிக்கு வந்த பிறகு மனச்சோர்விலும் குடியிலும் விழுந்து வருஷக்கணக்காய்ப் போராடினார். எல்லா ஜனங்களின் சார்பாகவும் நிலாவுக்குப் போனோமே, மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் பந்தி எடுத்திருப்பேனோ தெரியாது என்ற கருத்தில் தம் வயதான காலத்தில் எழுதினார். இந்தப் பாதியை மறைத்துவிட்டால் நம் வீட்டில் குடியோடு போராடுகிற அண்ணன் தம்பிமாருக்கு ஆல்ட்ரினால் என்ன பிரயோஜனம்?

1971-ல் அப்பல்லோ-15-ல் போய் நிலாவில் நடந்த ஜேம்ஸ் இர்வின் திரும்பி வந்து சுவிசேஷகரானார். நோவாவின் பேழையைத் தேடி அரராத் மலைக்குப் பலமுறை ஏறினார். 1982-ல் அங்கே விழுந்து காயமும் பட்டார். பேழை கிடைக்கவில்லை. கிடைத்தது என்று அவர் சொல்லவுமில்லை. அதுதான் சாட்சிக்காரன்!

ஒரு பொய்யான அடையாளம் என்ன செய்யும் என்பதற்கு ஜான் கிளென்னைப் பாருங்கள். 1962 பிப்ரவரி 20-ல் பூமியைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கர் அவர்தான், மூன்று சுற்று. நடுவே, விண்கலத்தின் அடியில் இருக்கிற வெப்பக் கவசம் கழன்றுவிட்டது என்று தரைக்கு ஒரு சிக்னல் வந்தது. கவசம் போனால் இறங்கும்போது ஆள் சாம்பல். கீழே இருந்தவர்கள் பதறிப்போய், கழற்றி எறியவேண்டிய ராக்கெட் பொட்டலத்தைக் கழற்றாமல் வை, அதன் பட்டைகளாவது கவசத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார்கள். இறங்கும்போது அந்தப் பொட்டலம் எரிந்து துண்டு துண்டாய் ஜன்னலைத் தாண்டிப் பறந்தது. கவசந்தான் எரிகிறதோ என்று அவர் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் கவசம் இருந்த இடத்திலேயே பத்திரமாய் இருந்தது! பொய் சொன்னது ஒரு சின்ன சுவிட்சு. கிளென் 1998-ல், 77 வயதில், மறுபடி விண்வெளிக்குப் போனார். அங்கிருந்து, இந்தச் சிருஷ்டிப்பைப் பார்த்துவிட்டு தேவனை நம்பாமலிருக்க என்னால் முடியாது என்று சொன்னார். தேவனைக் கண்ணால் கண்டேன் என்றல்ல. கவனியுங்கள்.

தோல் வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கத்தி வெட்டுப்பட்ட தோலை, தரம் பிரிக்கிறவர் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத் தள்ளி வைப்பார். அதற்கு மேலே கலர் அடித்து மூடி முதல் தரத்தோடு சேர்த்து அனுப்பினால் கண்ணுக்கு நன்றாய் மினுக்கும். ஷூ கம்பெனியில் அச்சில் மாட்டி இழுக்கும்போது அந்த இடம் வாயைப் பிளக்கும். அப்புறம் அந்த ஒரு தோல் மட்டுமா திரும்பி வருகிறது? லாட் முழுவதும் வரும், நல்ல தோலும் சேர்ந்து. நம் பிள்ளைகள் கையில் இன்றைக்குப் போன் இருக்கிறது. யோசுவாவின் நாள் கதை பொய் என்று இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற பிள்ளை, கல்லறை காலியாயிருந்தது என்று நாம் சொல்லும்போது எந்த முகத்தோடு கேட்பான்?

ககன்யான் பயணத்துக்கென்று 2024 பிப்ரவரி 27-ல் அறிவித்த நால்வரில் அஜித் கிருஷ்ணன் நம் சென்னையில் பிறந்தவர். அதற்கான எஞ்சின்களைச் சோதித்ததும் நம் திருநெல்வேலிச் சீமை மகேந்திரகிரியில்தான். அவர்கள் போய் வரும்போதும் கதைகள் கிளம்பும், ஒவ்வொரு மதத்துக்கும் ஒன்று. நம் சபை குரூப்பில் அவை வரவேண்டாம்.

நம் சாட்சி நேரத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. "பெரிய ஆஸ்பத்திரியில டாக்டருங்க எல்லாம் கைவிரிச்சுட்டாங்க" என்று ஆரம்பிக்காத சாட்சி இப்போது அபூர்வமாகிவிட்டது. டாக்டர் நிஜமாகவே கைவிரித்தாரா, மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த மாதம் வரச் சொன்னாரா? அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதும் ககாரின் வாயில் வைத்த வேலையேதான். போன உபவாச ஜெபத்தில் ஒரு வயதான தாயார் எழுந்து, "சர்க்கரை முந்நூறு இருந்துச்சு. ஜெபிச்சேன், மாத்திரையும் சாப்பிட்டேன், இப்ப நூத்தறுபது. கால் எரிச்சல் இன்னும் போகல, அதுக்கும் ஜெபிச்சுக்குங்க. ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்தார்கள். கைத்தட்டல் பெரிதாக இல்லை. எனக்கோ அன்று கேட்டதில் அதுவே அபிஷேகமுள்ள சாட்சி.

இந்த மாத உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்கூட்டியே என்னிடம் பெயர் கொடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். அந்தத் தாயாருடைய காலுக்காகவும் மறவாமல் ஜெபியுங்கள்.