காலம் தரும் விடுதலை

ஓய்வு பெற்ற படை அதிகாரி ஒருவர், பல்லாண்டு பழமையான கையூட்டு வழக்கிலே கூண்டில் நிற்கிறார் என்று கொள்வோம். "குற்றமற்றவன்" என்றல்ல, "காலம் கடந்துவிட்டது, தள்ளுபடி செய்க!" என்கிறார். கேட்பது முறையா, தோழர்களே?

முறைதான்! சீருடை அவ்வுரிமையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பிலிப்பைன்சின் 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டம், வழக்கு விரைந்து முடிய வேண்டும் என்னும் உரிமையை எல்லோருக்கும் வழங்கியது. அடுத்த ஆண்டே அந்நாட்டு உச்சநீதிமன்றம், மார்க்கோஸ் ஆட்சியின் அமைச்சர் டாடாட் மீதான ஊழல் வழக்குகளை, பூர்வாங்க விசாரணை ஏறத்தாழ மூன்றாண்டு முடங்கிக் கிடந்தமைக்காகத் தள்ளியது. கோப்பு உறங்க, சாட்சி சாக, நினைவு மங்க, மெய்யை நிலைநாட்டுவது எங்ஙனம்?

ஆனால், தாமதத்தைத் தானே வளர்த்து, அதையே கேடயமாக்கினால்? 2018இல் அம்மன்றமே தெளிவுறுத்தியது: ஆண்டுகளை எண்ணினால் மட்டும் போதாது, காரணத்தையும் ஆராய வேண்டும், உரிய காலத்தில் உரிமையைக் கோராதவர் அதை இழப்பார்!

தள்ளுபடி, தூய்மைக்குச் சான்றிதழ் அன்று. அரசின் சோம்பலுக்குத் தண்டனை. அத்தண்டனையைச் சுமப்பவரோ, பணத்தைப் பறிகொடுத்த மக்கள்! எனவே, கோப்பை உறங்கவிட்டவரையும் கேள்வி கேட்போம், அதுவே அறம்!