தூண்டிலும் ஜீவகாருண்யமும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஏரிக்கரைகளிலும், தெற்கே இடுக்கி மலைமேல் குமுளி, மறையூர் முதலிய ஊர்களை ஒட்டிய நீர்க்கரைகளிலும், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போட்டு வருகிறார்கள். ஒரு மூங்கில் கழி, நரம்பு, முள், தக்கை, பிசைந்த மாவு அல்லது மண்புழு, இவ்வளவே அவர்களுடைய சாதனங்கள். மாலைக் குழம்புக்கு நாலு கெண்டை கிடைத்துவிட்டால் அவர்களுக்குத் திருப்தி. ஆனால் பிடித்த மீனை எடை பார்த்து, புகைப்படம் எடுத்து, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவதை விநோதமாகக் கொண்ட மற்றொரு வகைத் தூண்டிற்காரரும் இப்போது உண்டு. இவ்விருவருள் அறத்துக்கு அருகில் நிற்பவர் யார் என்று கேட்டால், உயிரைப் போக்காமல் விட்டவரே என்று பலரும் யோசியாமலே விடை சொல்லிவிடுவார்கள். அந்த விடை யோசித்த பிறகும் நிற்குமா என்பதே இங்கே ஆராயத்தக்கது.

பிடித்து விடும் சம்பிரதாயத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் இங்கிலாந்தின் கெண்டை பிடிப்போர். 1952-இல் ரெட்மையர் குளத்தில் ரிச்சர்டு வாக்கர் 44 பவுண்டு எடையுள்ள சாதாக் கெண்டை ஒன்றைப் பிடித்தார். அது லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டு அங்கே பல்லாண்டு வாழ்ந்தது. பிற்காலத்தில் ஒரே மீனைப் பலரும் மீண்டும் மீண்டும் பிடித்து விடும் வழக்கம் வேரூன்றி, பீட்டர்பரோவுக்கு அருகில் 2009-இல் இறந்த பென்சன் என்னும் கெண்டை, தன் ஆயுளில் அறுபது முறைக்கு மேல் தூண்டிலில் அகப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அம்மீன்களை ஈர மெத்தையின்மேல் கிடத்தி, முள் பட்ட புண்ணுக்கு மருந்திட்டு விடுகிறவர்கள் அவர்கள். அந்தப் பரிவு பொய்யானதன்று. ஆயினும், புண்ணை ஆற்றும் கையே புண்ணை உண்டாக்கிய கை என்பதை மறப்பதற்கில்லை.

கெண்டை அடிமண்ணை உறிஞ்சி, தின்பதற்காவதை வடித்துக்கொண்டு மற்றதைத் துப்பும் சுபாவமுடையது. உதடும் மீசையும் அதற்குக் கையும் நாவும் போன்றவை. முள் தைப்பதோ அந்த மெல்லிய உதட்டிலேதான். மீனுக்கு வலி தெரியாது என்னும் பழைய சமாதானம் இன்று வலுவிழந்துவிட்டது. 2003-இல் லின் ஸ்நெடன் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் வானவில் டிரவுட் மீன்களின் தலையில் ஊறுணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ விஷமோ அமிலமோ ஏற்றப்பட்ட மீன்கள் நெடுநேரம் இரையைத் தொடவில்லை என்றும் கண்டார்கள். அது நம்முடைய துன்பத்தைப் போன்ற துன்பந்தானா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. எனினும், சந்தேகம் உள்ள இடத்தில் அதன் பலனை எளிய உயிருக்குக் கொடுப்பதே தர்மம். ஸ்விட்சர்லாந்தின் சட்டம், விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீனைப் பிடிப்பதைத் தடுத்திருப்பது இந்த நியாயத்தை ஒட்டியே.

புலான் மறுத்தலையும் கொல்லாமையையும் வள்ளுவர் இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்தார். பசியோடும் குடும்பத்தோடும் வாழ்கிறவனுடைய வரம்பு வேறு, துறந்தவனுடைய வரம்பு வேறு என்ற விவேகம் அந்த வைப்பு முறையில் தெரிகிறது. தேக்கடி நீர்த்தேக்கத்தில் மீன் பிடித்துப் பிழைக்கும் மன்னான் பழங்குடியினரின் வலையை எந்த நீதியும் எளிதில் பழிக்காது. அங்கே ஓர் உயிரின் அழிவுக்கு ஈடாக மற்றோர் உயிரின் பசி நிற்கிறது. விளையாட்டுக்காகப் பிடித்து விடுபவரின் தராசிலோ, மீனின் தவிப்புக்கு எதிர்த் தட்டில் மனிதனின் ஒரு கணத்து உற்சாகம் மட்டுமே இருக்கிறது. ஆகவே ஹிம்சையின் அளவை மட்டும் பாராமல் அதன் காரணத்தையும் பார்த்தால், விட்டவர் தின்றவரைவிட உயர்ந்தவர் என்னும் முடிவு தானே தளர்ந்துவிடுகிறது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. விநோதத்துக்காக வருகிறவரே ஆற்றின் காவலராகிறார் என்பது அவ்வாதம். காவேரியில் கெண்டை இனத்தின் அரசன் என்னத்தக்க திமில் மஹ்சீர் இருந்தது. 1946-இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மீன் 120 பவுண்டு. காவேரிக் கரையிலுள்ள பீமேஸ்வரி, காலிபோரே தூண்டில் முகாம்களில், முன்பு வெடிவைத்து மீன் பிடித்தவர்கள் சிலர் வழிகாட்டிகளாகி ஆற்றைக் காத்தார்கள் என்பது உண்மை. ஆனால் விளையாட்டுக்கு மீன் குறையக்கூடாது என்று, மகாராஷ்டிரத்து லோனாவ்லாவில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகள் காவேரியில் விடப்பட்டன. காலிபோரேத் தூண்டிற்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கே, வந்த இனம் பெருகியதையும் சொந்த இனம் அழிவின் விளிம்புக்கு வந்ததையும் பின்னர் காட்டியது. மறையூரை அடுத்த சின்னாறு சரணாலயத்துப் பாம்பாற்றில் கண்டெடுக்கப்பட்டு, மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரிடப்பட்ட மீனே அந்தத் திமில் மஹ்சீர் என்று 2018-இல் தெளிவாயிற்று. அதே ஆண்டில் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. நோயைக் குறித்துவைத்த கணக்குக்கு நன்றி கூற வேண்டியதே. ஆனால் நோய்க்குக் காரணமான ஆசையும் அந்த விநோதத்திலிருந்தே பிறந்தது.

பெரியாற்றின் கதை இதற்கு மறுபக்கம். 1895-இல் அதன் குறுக்கே எழுந்த அணைக்குப் பின்னே தேங்கிய தேக்கடி நீரிலும் அதற்கு மேலுள்ள ஓடைகளிலும், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் சில வாழ்கின்றன. சென்னை மீன்துறைத் தலைவராயிருந்த சுந்தரராஜ் 1941-இல் விவரித்த பிராமணக் கெண்டை அவற்றுள் ஒன்று. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டுத் தென்னாட்டில் முதன்முதல் கால் வைத்த சாதாக் கெண்டையின் இனமோ, இன்று இந்த நீர்த்தேக்கத்தில் பெருகி, மண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, அச்சொந்த மீன்களின் இரையிலும் பங்குக்கு வருகிறது.

ஆகவே இந்த மலைநாட்டில் அறத்தின் கணக்கு, வெளிநாட்டுக் கெண்டைக் குளத்தின் கணக்குக்கு நேர்மாறாக அமைகிறது. அனுமதியுள்ள நீரில், அந்நியக் கெண்டையைப் பிடித்து, அதை வதைக்காமல் உடனே கொன்று சமைத்து உண்பவர் செய்யும் பாவம் சிறிது. அதைக் கருணையென்று எண்ணி மறுபடியும் நீரில் விடுபவர், தாம் காணாத பல சொந்த மீன்களுக்குத் தீங்கு செய்கிறார். மஹ்சீரையும் பிராமணக் கெண்டையையும் பொறுத்தவரை, பிடித்து விடுவதும் கூடாது. தூண்டிலே போடாதிருப்பதுதான் அவற்றுக்குச் செய்யும் கருணை. முட்டையிட மீன் ஏறிவரும் மழைக்காலத்தில் கையை அடக்குவதும், வேற்று நீரின் குஞ்சை எந்த நல்லெண்ணத்தாலும் ஆற்றில் விடாதிருப்பதும் இதனோடு சேர்ந்த கடமைகள். கருணை என்பது கையிலுள்ள ஒரு மீனோடு முடிந்துவிடுவதன்று. அந்த மீன் எந்த நீருக்கு உரியது, அந்த நீர் யாருக்கெல்லாம் வீடு என்று விசாரித்து, அதன்பின் தன் ஆசைக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் அறிவே கருணை.