உழைப்புக்கு ஓர் எண்

டிரெஸ்டனில் பிப்ரவரி மாதக் குளிர்கால விடுமுறைக்கு முன்னால், பள்ளிப் பிள்ளைகளின் பையில் அரையாண்டு மதிப்பெண் தாள் வீட்டுக்கு வரும். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். சிப் தொழிற்சாலையிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை கிடைத்துக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களை முதலில் குழப்புவது எண்கள்தான். அங்கே 1 உச்சம், 6 கடைசி. அது ஓரிரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது தாளின் மேற்பகுதி. கணக்குக்கும் ஜெர்மன் மொழிக்கும் மேலே, எடுத்த எடுப்பில் நான்கு சொற்கள் நிற்கும்: நடத்தை, வகுப்பில் பங்கேற்பு, உழைப்பு, ஒழுங்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். தாளின் தலையில் இருப்பதால் அவற்றுக்குத் 'தலை மதிப்பெண்கள்' என்றே பெயர்.

ஜெர்மனியின் எல்லா மாநிலங்களிலும் இந்த முறை இல்லை. டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்சனி இதை 1999இல் திரும்பக் கொண்டுவந்து, இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை பெருக்கல் கற்றுக்கொண்டதா என்று சோதித்து எண் போடுவதில் பெரிய வழக்கில்லை. அந்தப் பிள்ளை எவ்வளவு உழைத்தது என்பதற்கு எண் போடலாமா? அதைப் பார்த்தவர் யார்?

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதைத் தள்ளிவிட முடியாது. எவ்வளவு முட்டி மோதினாலும் கணக்கில் 4க்கு மேல் ஏறாத பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. 'உழைப்பு: 1' என்ற ஒரு வரிதான் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து வீட்டுக்குள் நுழையக் காரணமாக இருக்கலாம். பட்டறையில் தொழில் பழக ஆள் எடுப்பவரும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார். வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரம் என்று பிரித்தே வைத்தார். கற்ற அளவும் முயன்ற அளவும் வேறு வேறு என்பது உண்மை. இரண்டாவதைப் பேசாமலே விடும் பள்ளி, மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குப் பெரிய அநீதி செய்கிறது.

ஆனால் அதே வரி வேறொரு பிள்ளையின் வழியை மறிக்கும். 2018இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தம் சான்றிதழில் இந்த எண்கள் இருக்கக்கூடாது என்று டிரெஸ்டன் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே அவர் பக்கம் தீர்ப்பானது. பவுட்சன் நகரிலுள்ள மேல்நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. சட்டத்தின் கேள்வி அத்தோடு முடிந்திருக்கலாம். அறத்தின் கேள்வி அப்படி முடியாது.

ஊரிலிருந்து வந்து ஓராண்டே ஆன தமிழ்ச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். காலை முதல் அந்நிய மொழியில் கேட்டு, மனதுக்குள் தமிழாக்கி, விடையை ஜெர்மனுக்குத் திருப்பி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அவள் கை உயர்வதில்லை. தாளில் 'பங்கேற்பு: 4'. வீட்டில் அப்பா தாளைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, வகுப்புல வாயே திறக்க மாட்டியா?" என்கிறார். "தப்பாச் சொல்லிட்டா சிரிப்பாங்கப்பா" என்று அவள் தாளைப் பார்க்காமல் சொல்கிறாள். அந்த வகுப்பிலேயே மிக அதிகம் உழைத்தவள் அவளாக இருக்கலாம். அந்த உழைப்பு முழுவதும் வாய் மூடிய நேரத்தில் நடந்தது. எண் போடுகிறவருக்குக் கண்ணில் பட்டது மேசைக்கு மேல் எழாத கை மட்டுமே.

உயர்ந்த எண்ணும் இப்படித்தான். அதற்குச் சாட்சி டிரெஸ்டனிலேயே இருக்கிறது. அல்பெர்ட் சதுக்கத்தின் ஓரம் ஒரு மதில்மேல் வெண்கலச் சிறுவன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவலை எழுதிய எரிக் கெஸ்ட்னரின் சிறுவயது உருவம் அது. 1899இல் அந்தச் சுற்றுவட்டத்தில்தான் பிறந்தார். அம்மா ஈடா, மகனைப் படிக்க வைப்பதற்காகவே முப்பது வயதுக்கு மேல் சிகை அலங்காரத் தொழில் கற்றவர். மகன் வகுப்பில் முன்மாதிரி மாணவன். ஏன் அப்படி இருந்தான் என்பதை 1957இல் வெளியான தம் சிறுவயது நினைவுகளில் அவரே எழுதினார். பள்ளி விட்டு வந்தால் சில நாள் வீட்டில் அம்மா இருக்கமாட்டார். சமையலறையில் விடைபெறும் சீட்டு ஒன்று கிடக்கும். சிறுவன் எல்ப ஆற்றுப் பாலங்களை நோக்கி ஓடுவான். பெரும்பாலும் ஏதாவது ஒரு பாலத்தில் அம்மா அசையாமல் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பார். அவரை உலுக்கி, கூட்டிக்கொண்டு வருவான். அந்த அம்மாவுக்கு ஏமாற்றம் தரக்கூடாது என்பதே அவன் படிப்புக்குப் பின்னால் இருந்தது. அவன் உழைப்புக்கு எந்த ஆசிரியரும் 1 போட்டிருப்பார். பாலத்தை நோக்கிய அந்த ஓட்டம் அதில் எங்கே இருந்திருக்கும்?

எண்ணை எடுத்துவிட்டால் வெற்றிடம்தான் என்பதில்லை. சாக்சனியிலேயே முதல் வகுப்புப் பிள்ளைக்கு எண் கிடையாது. ஆசிரியர் தாம் கண்டதை வாக்கியமாக எழுதித் தருகிறார். ஆறு வயதில் சாத்தியமான நேர்மை பதினான்கு வயதில் ஏன் முடியாமல் போகிறது என்பதற்கு நல்ல விடை இல்லை. நேரமில்லை என்பார்கள். பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அது உண்மையான கஷ்டம்தான். ஆனாலும், எழுத நேரமில்லாததைத் தீர்ப்பளிக்க மட்டும் நேரம் இருப்பது முறையாகாது. 'அக்டோபரில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள், இப்போது பக்கத்துப் பிள்ளையோடு முழு வாக்கியம் பேசுகிறாள்' என்று ஒரு வரி போதும். அது பார்த்தவரின் சாட்சியம். அதைப் படித்த பிள்ளைக்கு அடுத்த அரையாண்டில் எங்கே கால் வைப்பது என்று தெரியும்.

டிரெஸ்டனிலிருந்து சற்றுத் தொலைவில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்த ஒருவர் இப்படிப்பட்ட தாளில் தேறியிருப்பது சந்தேகம்தான். உடல்நலம் கெட்டு, படிப்பு விட்டு விட்டு நடந்தது. அவர் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். அவர்தான் சீகன்பால்கு. அவர் தமிழில் புத்தகம் அச்சிட்டதை எல்லோரும் சொல்கிறார்கள். வளர்ந்த மனிதர் ஒருவர் பிள்ளைகள் எதிரில் தப்புத் தப்பாக எழுதக் கூசாமல் இருந்தது அதைவிடப் பெரிது.

டிரெஸ்டன் வீட்டுச் சமையலறையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் தாள் அப்படியே இருக்கட்டும். அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டு, மகளின் நோட்டில் அணில் படத்துக்குக் கீழே உள்ள நீளமான ஜெர்மன் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். நடுவில் நாக்கு சிக்குகிறது. மறுபடி முயல்கிறார், இன்னும் மோசம். "அய்யோ, அப்படி இல்லப்பா" என்கிறாள் சிறுமி. சொல்லை இரண்டாக உடைத்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கும் குரலில் சொல்லிக் காட்டுகிறாள்.