காற்றின் கண்

'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல் ஒற்றைச் சொல்லாகத் தோன்றினாலும் உண்மையில் கூட்டுச்சொல்லே. பழைய நோர்ஸ் மொழியின் 'விண்ட்அவுகா' அதன் மூலம். 'விண்டர்' என்றால் காற்று, 'அவுகா' என்றால் கண். வைக்கிங்குகளின் மொழி இங்கிலாந்தில் கலந்தபோது நுழைந்த இச்சொல், 'கண்துளை' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லை ஒதுக்கிவிட்டு நிலைத்தது. ஒலி ஒற்றுமையை வைத்துப் பின்னாளில் கட்டிய கதையோ என்று சிலர் ஐயுறலாம். டேனிஷ், நார்வே மொழிகளில் இதே வேரில் பிறந்த சொற்கள் இன்றும் ஜன்னலையே குறிப்பது அந்த ஐயத்தைப் போக்குகிறது. கண்ணாடி பதிக்காத காலத்தில் சுவரில் விட்ட திறப்பு காற்றுக்கானது. அந்த வாழ்க்கையைச் சொல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் ஜன்னலைக் குறித்து வரும் 'காலதர்' என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததல்ல; ஒரே தேவை இரு மொழிகளிலும் காற்றையே முன்னிறுத்தியது. நாம் வழங்கும் 'ஜன்னல்' போர்ச்சுக்கீசியர் தந்தது. கடன் வாங்குவது குறையன்று. 'விண்டோ'வும் ஆங்கிலத்துக்குக் கடன்தான். ஆனால் காலதரை மறப்பது இழப்பு. பிள்ளைகளுக்கு ஜன்னலைக் காட்டும்போது காலதரையும் சொல்லிக் கொடுங்கள்.